ஃபைல் பெயரை வைத்தே வகையைப் பிரிக்க

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் டிடிபி கடை வைத்திருப்பவர்களின் டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்தால் கல்யாணப் பத்திரிகை பிடிஎஃப், கும்பாபிஷேக நோட்டீஸுக்கு வந்த ஜேபெக், பழைய பேஜ்மேக்கர் ஃபைல் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். இதைப் பிரிக்கப் பைத்தான் ப்ரோகிராமிங் மொழியோடு சேர்ந்தே வரும் மைம்டைப்ஸ் என்ற மாட்யூல் போதும், தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

இம்போர்ட் செய்துவிட்டு, கெஸ்_டைப் ஃபங்ஷனுக்கு ஃபைல் பெயரைக் கொடுங்கள். பிடிஎஃப் என்றால் 'அப்ளிகேஷன்/பிடிஎஃப்', 'நன்' (எதுவும் இல்லை) என்று இரண்டு விடை வரும். முதலாவது, ஃபைலின் வகை. இரண்டாவது எப்படிச் சுருக்கியிருக்கிறது என்பது, டார்.ஜீஇசட் ஃபைலுக்கு அங்கே 'ஜீஜிப்' என்று இருக்கும். பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எக்ஸ்டென்ஷனே இல்லாவிட்டால் இரண்டுமே 'நன்'தான். அதனால் ஸ்லாஷை வைத்து முதல் விடையை வெட்டுவதற்கு முன் அது 'நன்' தானா என்று சரிபார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ப்ரோகிராம் பாதியில் நின்றுவிடும்.

பேஜ்மேக்கரின் பிஎம்டி மாதிரிப் பழசுகளை அதற்குத் தெரியாமல் போகலாம். சரி, ஆட்_டைப் மூலம் நாமே சொல்லிக் கொடுத்துவிடலாம். விண்டோஸில் மைம்டைப்ஸ் அந்தக் கம்ப்யூட்டரின் செட்டிங்ஸ் இருக்கும் ரெஜிஸ்ட்ரியையும் பார்ப்பதால், கடைக் கம்ப்யூட்டரில் வரும் விடையே வீட்டு லேப்டாப்பிலும் வரும் என்று நம்பாதீர்கள்.

அப்புறம், இது ஃபைலைத் திறந்தே பார்ப்பதில்லை, பெயரை மட்டும்தான் பார்க்கும். யாராவது ஜேபெக்கை பிடிஎஃப் என்று பெயர் மாற்றி அனுப்பினால் அப்படியே ஏமாந்துவிடும். வாடிக்கையாளர் அனுப்பியதைப் பிரிண்டுக்கு விடுவதற்கு முன் முதல் சில பைட்டுகளைப் படித்துப் பாருங்கள்: உண்மையான பிடிஎஃப் '%பிடிஎஃப்' என்ற குறியோடுதான் தொடங்கும்.