அயர்லாந்துக் கல் தொழுவம்: குளிருக்குப் பயந்து செய்யும் தவறுகள்

அயர்லாந்தின் மேற்கு மாவட்டங்களான மேயோ, கால்வே, டொனகல் பக்கம் பழைய பண்ணை வீடு வாங்குபவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு கல் தொழுவமும் சேர்ந்தே கிடைக்கும். அதில் கன்றையோ கழுதையையோ கட்ட நினைப்பவர்கள் முதலில் பயப்படுவது குளிருக்குத்தான். ஆனால் அயர்லாந்தின் மேற்கில் குளிர்காலம் என்பது பெரும்பாலும் ஓயாத மழைக்காலம். கால்நடையை நோயில் தள்ளுவது ஈரமும் தேங்கிய காற்றும்தான்.

பெரிய தவறு, சுவரில் இருக்கும் ஒடுக்கமான காற்றுத் துளைகளைச் சாக்கு திணித்து அடைப்பது. அவை வெளியே குறுகி உள்ளே விரிந்திருக்கும். வரும் காற்று வேகம் தணிந்து பரவும். அடைத்துவிட்டால் மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா கன்றின் மூக்கருகிலேயே நிற்கும். அப்புறம் இருமல், நிமோனியா. வாசலில் நின்று முகர்ந்தால் இது தெரியாது. கன்று படுக்கும் இடத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள், கண் எரிகிறதா என்று. ஒரு கன்றுக்குக் காற்று நுழைய 0.08 சதுர மீட்டர், முகட்டில் வெளியேற 0.04 சதுர மீட்டர் திறப்பு வேண்டும். நுழையும் வழி கன்றின் தலைக்கு மேலே இருக்கட்டும். கதவிடுக்கில் தரையோடு வீசும் காற்றை மட்டும் மறைக்கலாம்.

குளிரைத் தாங்க வைப்பது படுக்கைதான். படுத்த கன்றின் கால்கள் மறையும் அளவுக்கு உலர்ந்த பார்லி வைக்கோல் போடுங்கள். அதன்மேல் அரை நிமிடம் முழங்காலை ஊன்றுங்கள். துணி நனைந்தால் உடனே புது வைக்கோல் வேண்டும். பழைய வடிகாலை மூடிச் சமதளமாகக் கான்கிரீட் போடுவதும் தவறு. 20 அடிக்கு 1 அடி சரிவு இல்லாவிட்டால் எவ்வளவு வைக்கோல் போட்டாலும் ஊறிப்போகும்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்கு சிமெண்ட் பூசாதீர்கள். சுவருக்குள் போன மழைநீர் வெளியேற வழியில்லாமல் உட்புறம் கசியும். வெள்ளையடிப்பதுதான் அதற்குப் பொருத்தம். ஊறிப் பழுத்த சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, உதிரும் பூச்சைச் சுரண்டி, சுவரை நனைத்து, நாளுக்கு ஒன்றாக மூன்று நான்கு மெல்லிய பூச்சு அடியுங்கள். ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் பொருக்குப் பொருக்காக உதிரும். உறைபனி நாட்களில் வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் கட்டாயம். காயும்வரை விலங்கை உள்ளே விடக்கூடாது.

கழுதை விஷயத்தில் கணக்கு மாறும். வறண்ட நாட்டு விலங்கு அது. அதன் ரோமம் குதிரையுடையது போல மழையைத் தள்ளாது. மரத்தடியும் வேலியோரமும் போதும் என்று விடாதீர்கள். கூரை வேண்டும், நிற்க உலர்ந்த கெட்டித் தரை வேண்டும். சேற்றில் ஊறிய குளம்பு மெத்தென்றாகி உள்ளே அழுகும். 6 முதல் 10 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். செழிப்பான புல்லை இஷ்டத்துக்கு மேயவிட்டால் குளம்புக்குள் வீக்கம் கண்டு நடக்கவே முடியாமல் போகும். பார்லி வைக்கோலே அதன் முக்கியத் தீனி. ஜோடியாக வளர்ந்ததைத் தனியே பிரித்து அடைக்கவே அடைக்காதீர்கள். ஏக்கத்தில் தீனியை விட்டால் உடம்புக் கொழுப்பு இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகும். தீனியைத் தொடாமல் நின்றால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல், அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.