வைக்கலைக் கோடைத் தீனாக்குவது எப்படி? பத்துக் கிலோவில் தொடங்குவோம்

காலபோக நெல் அறுவடை முடிந்த கையோடு வயலில் கிடக்கும் வைக்கலுக்கு நெருப்பு வைக்கும் பழக்கம் வன்னியில் இன்னும் விட்டுப்போகவில்லை. ஆடி, ஆவணி வந்துவிட்டால் அதே ஊரில் கொக்கத்தடியும் கையுமாகக் குழை தேடி அலைவோம். வைக்கலை யூரியாவில் பதப்படுத்தி வைத்தால் அந்த அலைச்சலில் பாதி குறையும். செம்மறி, வெள்ளாடு, மாடு மூன்றுக்கும் முறை ஒன்றுதான். புதிதாக ஆடு வளர்ப்பவர்களுக்காகச் சின்ன அளவில் சொல்கிறேன்.

வேலைக்கு முன், வயிறு

ஆடு தின்னும் நாரை உடைக்க ஆட்டிடம் நொதியம் கிடையாது. அதன் பெருவயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் நாரை நொதிக்க வைக்கின்றன. அதில் வரும் அமிலங்கள் ஆட்டுக்குச் சக்தி. பெருகிய நுண்ணுயிர்கள் அடுத்த வயிறுகளுக்குப் போய்ச் செரிந்து ஆட்டுக்குப் புரதமாகின்றன. ஆகவே நாம் தீன் போடுவது முதலில் அவற்றுக்குத்தான். தீனில் ஏறத்தாழ 7 சதவீதமாவது புரதம் இல்லாவிட்டால் அவை சரியாகப் பெருகுவதில்லை. நெல் வைக்கலில் இருப்பதோ 3 முதல் 5 சதவீதம் வரை. போதாததற்குத் தண்டை விறைப்பாக்கும் லிக்னினும் மணற்சத்தான சிலிக்காவும் நாருக்குச் சீமெந்துப் பூச்சுப் போல ஒட்டிக்கிடக்கும்.

இதன் விளைவைப் பலர் கவனிப்பதில்லை. செரிக்காத வைக்கல் வயிற்றிலேயே நெடுநேரம் தங்கும். பழையது வெளியேறினால்தானே புதியது உள்ளே போகலாம்? வயிறு முட்டி நிற்கும், முதுகெலும்போ தள்ளிக்கொண்டு தெரியும். "நல்லாத்தானே தின்னுது" என்று நாமும் சும்மா இருந்துவிடுவோம்.

உங்கள் ஆட்டின் நிலையைப் பார்க்க, இடப்பக்கம் கடைசி விலா எலும்புக்குப் பின்னால் இருக்கும் குழியில் பொத்திய கையை அழுத்தி வையுங்கள். உள்ளே அலை போல ஒன்று எழுந்து கையைத் தள்ளும். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை தள்ளினால் வயிறு வேலை செய்கிறது. மாட்டுக்குச் சாணமே போதும்: மேடாக, இறுகி, நீளநீளமான நாரோடு கிடந்தால் புரதம் காணாது.

படி 1: வைக்கலைத் தெரிவுசெய்தல்

மழை படாத, பூஞ்சணம் பிடிக்காத வைக்கல் வேண்டும். ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். புழுங்கல் வாடை வந்தால் அதைத் தோட்டத்துக்குப் பசளையாகப் போடுங்கள். கெட்ட வைக்கலை யூரியா நல்லதாக்காது.

படி 2: அளவு

10 கிலோ வைக்கல், 400 கிராம் யூரியா, 10 லீற்றர் தண்ணீர். தராசில் நிறுத்தே எடுங்கள். கைக்கணக்கு இந்த ஓரிடத்தில் கூடாது. யூரியா முழுவதும் கரையும்வரை கலக்குங்கள். அந்த வாளியை ஆடு மாடு எட்டும் இடத்தில் ஒரு நிமிடம்கூட வைக்க வேண்டாம். தாகத்தில் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

படி 3: அடைத்தல்

மூடி இறுகும் பிளாஸ்ரிக் பரல் நல்லது. இல்லாவிட்டால் ஓட்டையில்லாத பெரிய பொலித்தீன் பையை உரப்பைக்குள் விட்டுப் பயன்படுத்தலாம். வைக்கலை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, கரைசலைப் பூவாளியால் தெளித்து, நன்றாக மிதித்து, அதன்மேல் அடுத்த அடுக்கு. அடியில் தண்ணீர் தேங்காமல் எல்லா இடமும் ஒரேயளவாக நனைய வேண்டும். காற்றுப் போகாதபடி இறுக்கிக் கட்டி நிழலில் வையுங்கள்.

உள்ளே யூரியா அமோனியாவாக மாறி நாரின் பிணைப்பைத் தளர்த்துகிறது. நுண்ணுயிர்கள் புரதம் ஆக்கப் பயன்படுத்தும் நைதரசனும் கொஞ்சம் வைக்கலில் தங்கிவிடும். சூடு கூடினால் இந்த வேலை வேகமாக நடக்கும். நம் வெயிலுக்கு இரண்டு கிழமை போதும், மூன்று கிழமை விட்டாலும் பழுதில்லை. இடையில் திறந்து பார்க்காதீர்கள்.

படி 4: திறத்தல்

முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு திறவுங்கள், கண் எரியும். கடுமையான அமோனியா நெடி, மண்ணிறம் கலந்த மஞ்சள், கையில் மடங்கும் மென்மை மூன்றும் இருந்தால் சரி. நெடியே இல்லாவிட்டால் கட்டு இறுகாமல் காற்றுப் போயிருக்கிறது. பூஞ்சணம் பிடித்த பகுதியை எறிந்துவிடுங்கள். தேவையானதை மட்டும் பின்னேரம் எடுத்து நிழலில் பரப்பி, மறுநாள் காலை நெடி பறந்தபின் போடுங்கள். மிச்சத்தை உடனே கட்டிவிடுங்கள்.

படி 5: பழக்குதல்

பட்டினி கிடக்கும் ஆட்டுக்கு முதலில் இதைப் போடக்கூடாது. வழக்கமான தீனோடு ஒரு பிடி கலந்து தொடங்கி, ஒரு கிழமை பத்து நாளில் மெல்லக் கூட்டுங்கள். வயிற்று நுண்ணுயிர்களும் பழக வேண்டுமே. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் கன்றுக்கும் வேண்டாம். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். வயிறு ஊதி, வாயில் நுரை தள்ளி, உடம்பு நடுங்கினால் தீனை அகற்றி, உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

25 கிலோ ஆட்டுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ முக்கால் முதல் ஒரு கிலோ உலர்தீன் (ஈரத்தைக் கழித்த எடை) போகும். அது முழுவதையும் வைக்கலாக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்காவது குழையாக இருக்கட்டும். வேலிக் கிளிசிரிடியா என் முதல் தெரிவு. அதன் இலையில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல். பச்சையாகப் போட்டால் சில ஆடுகள் முகத்தைத் திருப்பும், ஒரு நாள் வாட விட்டால் தின்னும். இப்பில் இப்பில் மரத்தின் குழையும் நல்லதுதான், ஆனால் அதை மட்டுமே போட்டால் மயிர் கொட்டக்கூடும்.

2021இல் இரசாயனப் பசளைத் தடை வந்து யூரியாவுக்கு நாடே அலைந்தது நினைவிருக்கும். அப்படியொரு நிலையில் பதப்படுத்தாத வைக்கலை நறுக்கி, கிளிசிரிடியாவும் கொஞ்சம் எள்ளுப் புண்ணாக்கும் சேர்த்துப் போடலாம். நார் அவ்வளவு தளராது, ஆனாலும் நுண்ணுயிர்களுக்கு நைதரசன் கிடைத்துவிடும்.

கடைசியாக ஒன்று: வெள்ளாடு தீனில் தெரிவு பார்க்கும். செம்மறியும் மாடும் இரண்டொரு நாளில் பழகும்போது அது இலையைப் பொறுக்கிவிட்டு வைக்கலை மிதித்து நிற்கும். தண்டை இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்கி, புண்ணாக்குத் தண்ணீர் தெளித்துக் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் தொடாவிட்டால் அந்தப் பையை மாட்டுக்கு விட்டுவிட்டு, வெள்ளாட்டுக்குக் குழையே வெட்டுங்கள்.