நாலு நாள், ரெண்டு பேர், ஒரு பைக்: கொங்கு நகரங்களைச் சிக்கனமாகச் சுற்றுவது எப்படி?

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர் ஐந்துமே மாநகராட்சிகள். ஆனால் இவை நெருங்கி உட்கார்ந்திருக்கும் ஊர்கள். கோவையிலிருந்து திருப்பூர் சுமார் 55 கிலோமீட்டர், அங்கிருந்து ஈரோடும் கிட்டத்தட்ட அதே தூரம். ஈரோட்டிலிருந்து சேலத்துக்கும் கரூருக்கும் 65, 70 கிலோமீட்டர்தான். கரூரிலிருந்து கோவை திரும்பும் வழி மட்டும் 130-ஐத் தொடும்.

முதல் தடவை கிளம்புகிறவர்கள் இதைக் கவனிக்காமல் ஊருக்கு ஒரு ரூம் போட்டுவிடுகிறார்கள். பெட்ரோலுக்குக் கணக்குப் பார்த்து மிச்சம் பிடித்ததெல்லாம் லாட்ஜ் வாடகையில் போய்விடும். தினமும் பையை மூட்டை கட்டி அவிழ்ப்பது வேறு. அதனால் இந்தத் திட்டத்தில் ஈரோட்டில் ரெண்டு ராத்திரி தங்கி, அங்கிருந்து சேலம் போய்த் திரும்புகிறோம்.

1. முதலில் கிழமை, அப்புறம்தான் தேதி

ஞாயிறு கோவையில் தொடங்கி புதன் சாயங்காலம் கோவையிலேயே முடியுங்கள். காரணம், ஈரோட்டு ஜவுளிச் சந்தை. அது திங்கள் இரவு தொடங்கி செவ்வாய்க்கிழமை முழுக்க நடக்கும். சனிக்கிழமை சாயங்காலம் திருப்பூருக்குள் நுழைவதைத் தவிருங்கள். பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் போடும் நாள் அது, ஊரே கடைவீதியில் இருக்கும்.

மாதம் என்றால் என் ஓட்டு மார்கழிக்கு. முகூர்த்தம் இல்லாததால் கல்யாணக் கூட்டம் ரூமை அடைக்காது, வெயிலும் இதமாக இருக்கும். சபரிமலை வண்டிகள் மட்டும் சாலையில் அதிகம். சித்திரை வேண்டவே வேண்டாம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம் பக்கம் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். பின்னால் ஆளை வைத்து ஓட்டிப் பழகாதவர்களுக்கு அது ஆகாது.

2. வண்டியும் காகிதமும்

100 அல்லது 125 சிசி பைக் போதும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே செயினை இறுக்கி எண்ணெய் விட்டு, பிரேக் கட்டையைப் பார்த்துவிடுங்கள். இருவர் போகும்போது பின் டயருக்குக் காற்று கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்பது வண்டியோடு வந்த கையேட்டிலேயே இருக்கும், பெரும்பாலும் செயின் கவரிலோ பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கராகவும் ஒட்டியிருப்பார்கள். பையைப் பின்னால் உட்காருபவர் முதுகில் மாட்டாதீர்கள். ஒரு மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும். சீட்டின் இரு பக்கமும் தொங்கும் பை நல்லது, இல்லையென்றால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சின்னப் பை.

ஹெல்மெட் இருவருக்கும் கட்டாயம். ஆர்சி, லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் டிஜிலாக்கரில் இருந்தால் போதும். வாடகை பைக் எடுப்பதாக இருந்தால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது முறையான வாடகை வண்டி.

விஜயமங்கலம், வைகுந்தம் சுங்கச்சாவடிகளில் இருசக்கர வாகனத்துக்குக் கட்டணம் கிடையாது. இடது ஓரத்தில் தனி வழி இருக்கும், அதிலேயே போய்விடலாம்.

3. பொதுப் பர்ஸ்

நட்பு கெடாமல் திரும்ப வேண்டுமென்றால் இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். "நீ இப்பக் குடு மாப்ள, அப்புறம் பாத்துக்கலாம்" என்று தொடங்கும் எந்தக் கணக்கும் ஒழுங்காக முடிந்ததில்லை. கிளம்பும்போதே ஆளுக்கு 3,500 ரூபாய் ஒரு கவரில் போடுங்கள். ஒருவர் பணம் கொடுக்கட்டும், மற்றவர் எழுதட்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்யக் கூடாது. டீ, சாப்பாடு, பெட்ரோல், ரூம், பார்க்கிங் இவை மட்டும் கவரிலிருந்து. டி-ஷர்ட், போர்வை, அக்காவுக்குக் கொலுசு எல்லாம் அவரவர் ஜிபே.

தோராயக் கணக்கு இது. ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்து 500 கிலோமீட்டர் என்றால், லிட்டருக்கு 50 கொடுக்கும் வண்டிக்கு 10 லிட்டர், ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. மூன்று ராத்திரி ரூம் 2,700. இருவர் சாப்பாடு ஒரு நாளைக்கு 600 வீதம் 2,400. டீ, பார்க்கிங், சில்லறைச் செலவு 600. மொத்தம் ஏழாயிரத்துக்குள் அடங்கும். கோவையில் படுக்க வீடு இருந்தால் இன்னும் குறையும். பஞ்சர், மருந்து என்று வந்தால் தொட ஆளுக்கு ஆயிரம் ரூபாய் தனியாக இருக்கட்டும்.

4. லாட்ஜ் பிடிக்கிற விதம்

பேருந்து நிலையத்தை ஒட்டிய முதல் வரிசையை விட்டுவிட்டு இரண்டு தெரு உள்ளே போங்கள். சத்தமும் குறையும், வாடகையும் குறையும். கொங்குப் பக்கம் மரியாதையாகக் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

"ஏனுங்ணா, டபுள் ரூம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. ரெண்டு பேருங்களா? எந்தூருங்க?"

ஊரைச் சொல்லி, ஆதாரை நீட்டுவதற்கு முன் ரூமைப் பார்க்கக் கேளுங்கள். குழாயைத் திறந்து பாருங்கள், ஃபேனைச் சுற்றவிட்டுப் பாருங்கள், கதவு உள்தாழ்ப்பாள் விழுகிறதா பாருங்கள். வாடகை 24 மணி நேரத்துக்கா, மதியம் 12 மணி வரைக்குமா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். பைக் உள்ளே நிற்குமா, தெருவிலா என்பதும் முக்கியம். இரண்டு பேர் ஆதாரும் கேட்பார்கள்.

5. ஞாயிறு: கோவை

பேரூர் பட்டீசுவரர் கோயிலில் தொடங்குங்கள். கனகசபை மண்டபத் தூண் சிற்பங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பக்கத்திலேயே நொய்யல் படித்துறை. இந்த ஆற்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வழியில் இன்னும் இரண்டு இடத்தில் பார்ப்போம். சாயங்காலம் உக்கடம் பெரியகுளக் கரை, அப்புறம் தள்ளுவண்டிக் காளான். அதில் காளானைவிட முட்டைக்கோஸ்தான் அதிகம் என்பது ஊரறிந்த ரகசியம், இருந்தாலும் சாப்பிடலாம். சீக்கிரம் படுங்கள்.

6. திங்கள்: திருப்பூர் வழியாக ஈரோடு

ஆறு மணிக்குக் கிளம்பினால் அவிநாசி சாலை காலியாக இருக்கும். அவிநாசி கோயிலைப் பார்த்து, இட்லி சாப்பிட்டு, திருப்பூருக்குத் திரும்புங்கள். முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பாடி மீட்ட தலம் அவிநாசி. திருப்பூர் ரயில் நிலையம் அருகே குமரன் நினைவகம் இருக்கிறது. 1932 ஜனவரியில் ஊர்வலத்தில் அடிபட்டு, மறுநாள் 11-ஆம் தேதி இறந்தவர் அவர்.

அங்கிருந்து கிட்டத்தில் காதர்பேட்டை. ஏற்றுமதியில் மிஞ்சியதும் குறையால் கழிக்கப்பட்ட செகண்ட்ஸும் இங்கே கடைகடையாகக் குவிந்திருக்கும். டி-ஷர்ட்டைக் கையில் எடுத்ததும் படத்தைப் பார்க்காதீர்கள், பக்கத் தையலைப் பாருங்கள். அக்குளிலிருந்து நேராக இடுப்புக்கு இறங்க வேண்டும். இப்போதே முன்பக்கம் வளைந்து வந்தால், இரண்டு துவைப்பில் சட்டை முறுக்கிக்கொள்ளும். கழுத்துப் பட்டையை இழுத்துவிட்டால் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். துணி கனம் எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேளுங்கள், 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம்) என்றால் தினசரி உடுத்த நல்லது. சின்ன ஓட்டை, அச்சுப் பிசகு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். செகண்ட்ஸ் என்பதே அந்தக் குறைக்காகத்தான், வாங்கிய பிறகு சண்டை போட முடியாது.

ஊருக்கு நடுவே பாலத்தில் மறுபடி நொய்யல் வரும். சாயக்கழிவு கலந்ததால் 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஆறு இதுதான். பேரூர்ப் படித்துறையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இங்கே ஒரு நிமிஷமாவது நிற்கலாம்.

பிறகு ஊத்துக்குளி சாலை. வழியில் நஞ்சராயன் குளம், 2024-இல் ராம்சார் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம். ஊத்துக்குளியில் வெண்ணெய் பேர்போனது. அன்றைக்கே ஊர் திரும்பினால்தான் வாங்க வேண்டும், உருகிவிடும். அங்கிருந்து சென்னிமலை, போர்வைக்கு இந்த ஊர். பிறகு வெள்ளோடு வழியாக ஈரோடு.

நாலு மணிக்குள் ரூம் போட்டு, குளித்து, ஒரு தூக்கம் போடுங்கள். இரவு நடக்கிற தூரத்தில் பன்னீர்செல்வம் பூங்கா, கனி மார்க்கெட் பக்கம் சந்தை கூடும். கேரளா, கர்நாடகா, ஆந்திரா வியாபாரிகள் வந்து மூட்டை மூட்டையாக லுங்கி, துண்டு, நைட்டி, போர்வை எடுப்பார்கள். விலை கேட்டால் சொல்லும் தொகை ஒன்றுக்கா, டஜனுக்கா என்று உடனே கேளுங்கள். சிலர் சில்லறைக்குத் தர மாட்டார்கள், முகம் சுளிக்க வேண்டாம், அடுத்த கடைக்குப் போங்கள். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த நேரத்துக்கு இப்படி ஒரு வியாபாரத்தை நின்று பார்ப்பதே போதும்.

7. செவ்வாய்: சங்ககிரி, சேலம்

பையை ரூமிலேயே விட்டுவிட்டு ஆறரைக்குக் கிளம்புங்கள். கருங்கல்பாளையத்தில் காவிரியைத் தாண்டினால் பள்ளிபாளையம், அப்புறம் சங்ககிரி. 1805-இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட கோட்டை இது. மலையேற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், மேலே கடை கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி. பத்து மணிக்குள் இறங்கிவிட்டால் சுகம்.

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைத் தெருக்களில் வெள்ளிக் கொலுசு வேலையைப் பார்க்கலாம். சாயங்காலம் தட்டுவடை செட்டு. இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், சட்னி. தட்டு கைக்கு வந்த உடனே வாயில் போடுங்கள், பேசிக்கொண்டு நின்றால் நமத்துவிடும். ஏற்காட்டை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குவதற்குள் அன்றைய நாள் முடிந்துவிடும், அதற்குத் தனியாக வாருங்கள்.

திரும்பும்போது பள்ளிபாளையத்தில் சிக்கன் சாப்பிடுங்கள். தக்காளியும் மசாலாப் பொடியும் போட்டுக் குழம்பாக வந்தால் அது பள்ளிபாளையம் அல்ல. விதை நீக்கிய வரமிளகாய், சின்ன வெங்காயம், பல்லுப் பல்லாகத் தேங்காய், அவ்வளவுதான்.

8. புதன்: கரூர் வழியாக வீடு

ரூமைக் காலி செய்து கொடுமுடி சாலையைப் பிடியுங்கள். காவிரிக்கரையில் மகுடேசுவரர் கோயில், அதைத் தாண்டி நொய்யல் என்றே பெயருள்ள ஊர். பேரூரில் பார்த்த ஆறு இங்கேதான் காவிரியில் சேர்கிறது. கரூரில் பசுபதீசுவரர் கோயிலும் மதியச் சாப்பாடும் போதும்.

அங்கிருந்து வெள்ளகோவில், காங்கேயம், பல்லடம், சூலூர். நேர் சாலை என்பதால் தூக்கம் வரும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஓட்டுபவர் மாறிக்கொள்ளுங்கள், இருவருக்கும் லைசென்ஸ் இருந்தால். காங்கேயம் அருகே சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவர் கனவில் முருகன் கேட்டதாகச் சொல்லும் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள், அடுத்தவர் கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். மலைமேல் வண்டியே போகும் என்பதால் அரைமணியில் பார்த்துவிடலாம். மேற்கு நோக்கி ஓட்டுவதால் சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். மூன்று மணிக்குள் காங்கேயத்தைத் தாண்டிவிடுங்கள், ஆறு மணிக்கு மேல் சூலூரிலிருந்து சிங்காநல்லூர் வருவதற்குள் பொறுமை போய்விடும்.