கேஸ் ஸ்டடியை விடை பார்க்காமல் படிப்பது எப்படி?

மேலாண்மைப் படிப்பின் முதலாம் ஆண்டில், ஒரு கம்பெனியின் பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து ஆகியவற்றை எழுதும் ஸ்வாட் அட்டவணையை நான் ஐந்தே நிமிடத்தில் நிரப்பிவிடுவேன். நான்கு கட்டங்கள், கட்டத்துக்கு மூன்று வரிகள். ஒருநாள் ஆசிரியர் என் தாளில் கம்பெனியின் பெயரை மட்டும் விரலால் மறைத்து, பக்கத்தில் இருந்தவனிடம் காட்டி, "இது யார்?" என்று கேட்டார். அவன் மூன்று கம்பெனிகளின் பெயரைச் சொன்னான். மூன்றுக்குமே என் அட்டவணை அச்சு அசலாகப் பொருந்தியது.

அந்த வெட்கத்தில் தொடங்கி, பல மாதங்கள் தட்டுத்தடுமாறி எனக்காக அமைத்துக்கொண்ட முறை இது. கேஸ் ஸ்டடி என்பது ஒரு கம்பெனி மாட்டிய சிக்கலையும் அது எடுத்த முடிவையும் சொல்லும் பாடம். ஆண்டறிக்கை என்பது கம்பெனி ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு. அதை எங்கே எடுப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராகச் செய்முறைக்குப் போகிறேன்.

தேவை ஒரு நோட்டும் பேனாவும்தான். குறிப்பெடுக்கும் செயலிகள் நான்கைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். படித்த நேரத்தைவிடக் கோப்புறைகளுக்கு வண்ணம் தேர்ந்தெடுத்த நேரம்தான் அதிகம். தவிர, திரையில் அழித்தால் தடயமே இருக்காது. நோட்டில் அடித்தது அடித்தபடியே கிடக்கும். இந்த முறைக்கு அந்த அடித்தல்கள் வேண்டும்.

படி 1: பாதியில் மூடுங்கள்

கம்பெனி சிக்கலில் மாட்டும் இடம் வரை படியுங்கள். அடுத்து என்ன செய்தார்கள் என்பதைப் படிக்காதீர்கள். முடிவு தெரிந்துவிட்டால், நடந்ததெல்லாம் நடந்தே தீர வேண்டியதுபோலத் தோன்றும்.

படி 2: ஒரே வாக்கியத்தில் விடை

"இவர்கள் இதைச் செய்ய வேண்டும், ஏனெனில்..." என்று எழுதுங்கள். ஏனெனிலுக்குப் பிறகு ஒரே ஒரு காரணம் போதும். ஆறு காரணம் எழுதினால் எதையும் நீங்கள் நம்பவில்லை என்று பொருள்.

படி 3: எதைப் பார்த்தால் தோல்வியை ஒப்புக்கொள்வீர்கள்?

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

விடைக்குக் கீழே ஒரு கோடு கிழித்து, "என் விடை தவறு என்றால், என் கண்ணில் எது பட வேண்டும்?" என்று எழுத வேண்டும். தேடத் தொடங்குவதற்கு முன்பே எழுத வேண்டும். நான் ஆரம்பத்தில் தேடிவிட்டுப் பிறகு எழுதினேன். அப்போது எதைக் கண்டாலும் "இதுவும் என் கருத்துக்குத் துணை நிற்கிறது" என்றே மனம் சமாதானம் சொல்லிக்கொண்டது.

ஃபிலிமுக்குப் பேர்போன கோடாக் கம்பெனியை வைத்துப் பார்ப்போம். அதன் பொறியாளர் ஸ்டீவ் சாசன் 1975-லேயே ஒரு டிஜிட்டல் கேமராவை உருவாக்கிவிட்டார். அது ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. இந்த இரண்டு ஆண்டுகளை மட்டும் அறிந்திருந்த நான் எழுதிய விடை: "டிஜிட்டலைக் கண்டுகொள்ளாமல் தூங்கியதால் வீழ்ந்தது." கோட்டுக்குக் கீழே: "கோடாக் டிஜிட்டல் கேமராக்களைப் பெரிய அளவில் விற்றிருந்தால் நான் சொல்வது தவறு."

தேடினேன். 2005-இல் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் முதலிடத்தில் இருந்ததே கோடாக்தான். முதல் வாக்கியத்தை அடித்தேன்.

சுவையான கேள்வி அதற்குப் பிறகுதான் பிறந்தது: விற்றும் ஏன் வீழ்ந்தது? ஃபிலிம் காலத்தில் கேமரா வாங்கியவர் அதன் பிறகும் ஃபிலிம், தாள், ரசாயனம் என்று காசு கொடுத்துக்கொண்டே இருந்தார். டிஜிட்டல் கேமராவை விற்றால் அத்தோடு கணக்கு முடிந்தது, லாபமும் சொற்பம். அந்தக் கேமராவையும் பின்னர் கைப்பேசி விழுங்கியது. அதே புயலில் சிக்கிய இன்னொரு ஃபிலிம் கம்பெனியான ஃபியூஜிஃபிலிம், தன் வேதியியல் அறிவை எல்சிடி திரைகளுக்கான படலம், அழகுசாதனப் பொருட்கள் என்று திருப்பிவிட்டுப் பிழைத்தது. "தூங்கியது" என்ற முதல் வாக்கியத்தோடு நின்றிருந்தால் இது எதையும் நான் தேடியிருக்க மாட்டேன்.

படி 4: ஓர் எண்ணையாவது கையால் போடுங்கள்

ஒரு கடை 100-க்குக் கடனில் விற்கிறது. அதற்கான செலவு 70-ஐ ரொக்கமாகக் கொடுத்துவிட்டது. ஏட்டில் லாபம் 30. பெட்டியிலோ 70 குறைந்திருக்கிறது. ஆண்டறிக்கையில் நிகர லாபத்தையும் செயல்பாட்டு ரொக்க ஓட்டத்தையும் (வியாபாரத்தில் உண்மையிலேயே கைக்கு வந்து போன பணம்) பக்கத்தில் பக்கத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு எழுதிப் பாருங்கள். முதலாவது ஏறி, இரண்டாவது இறங்கிக்கொண்டே போனால் அங்கேதான் தோண்ட வேண்டும். அறிக்கையில் வரும் கம்பெனித் தலைவரின் கடிதத்தைக் கடைசியில் படியுங்கள். முதலில் படித்தால் அவர் கண்ணாடி வழியாகவே எண்களைப் பார்ப்பீர்கள்.

படி 5: ஒரு வாரம் கழித்து வெறுந்தாளில்

பார்க்காமல் எழுதிப் பாருங்கள். 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் வெளியிட்ட ஆய்வில், படித்து ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு படித்தது ஏன் மறுநாளே பறந்துவிடுகிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பின்சேர்க்கை 1: "செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்கலாமா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். படி 3 முடியும்வரை அதைத் திறக்காதீர்கள் என்பது என் கட்சி. முடிந்த பிறகு, "என் விடையை எதிர்த்து வாதாடு" என்று கேளுங்கள், நல்ல சண்டைக்காரன். அது தரும் எண்களை மட்டும் மூல அறிக்கையில் சரிபார்க்காமல் நோட்டில் ஏற்றாதீர்கள்.

பின்சேர்க்கை 2: படி 4-இல் ஒரு வாசகர் என்னைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்: "ரொக்க ஓட்டம் நன்றாக இருந்தால் நம்பிவிடலாமா?" கூடாது. அமெரிக்க எரிசக்திக் கம்பெனியான என்ரான் 2000-ஆம் ஆண்டுக்குக் காட்டிய செயல்பாட்டு ரொக்க வரவு சுமார் 480 கோடி டாலர். வங்கிகளிடம் கடனாக வாங்கிய பணத்தையும் வியாபார வரவுபோல அதில் சேர்த்திருந்தார்கள். 2001 டிசம்பரில் கம்பெனி திவாலானது. ஆகவே அந்த ஐந்தாண்டு அட்டவணையில் மொத்தக் கடனுக்கும் ஒரு வரிசை போட்டு, அறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளையும் ஒருமுறை புரட்டுங்கள். என் நோட்டிலும் இப்போது மூன்று வரிசைதான்.