பில்லியனுக்கு எத்தனை பூஜ்யம்? மொழிபெயர்ப்பில் சறுக்கும் இடங்கள்

ஆங்கிலத்தில் பில்லியன் என்று கண்டதும் கை தானாக "நூறு கோடி" என்று எழுதிவிடும். இன்றைய செய்திக்கு அது சரி. பழைய பிரிட்டிஷ் புத்தகத்துக்கு அதுவே ஆயிரம் மடங்கு பிழை.

அமெரிக்கர்களுக்குப் பில்லியன் என்றால் நெடுங்காலமாகவே ஆயிரம் மில்லியன், அதாவது 9 பூஜ்யம். பிரிட்டனிலோ மில்லியன் மில்லியனைத்தான் பில்லியன் என்றார்கள்: 12 பூஜ்யம், நம் கணக்கில் ஒரு லட்சம் கோடி. 1974 டிசம்பரில் பிரதமர் ஹரால்ட் வில்சன், இனி அமைச்சர்கள் பில்லியன் என்று சொன்னால் ஆயிரம் மில்லியன் என்றே கொள்ள வேண்டும் என நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். அரசு ஆவணங்களுக்கு அது எல்லைக்கோடு. மற்றவர்களின் எழுத்திலும் பேச்சிலும் பழைய கணக்கு பிறகும் கொஞ்ச காலம் ஓடியது. ஆகவே நூல் எந்த நாட்டில், எப்போது எழுதப்பட்டது என்று பார்க்காமல் எண்ணைத் தொடக்கூடாது. மறுபதிப்பின் ஆண்டு இதற்கு உதவாது. முதல் பதிப்பு எப்போது வந்தது என்று தேடுங்கள்.

ஒளியாண்டையே எடுத்துக்கொள்வோம். அது சுமார் 5.88 லட்சம் கோடி மைல். இதை அமெரிக்கர் "ஏறத்தாழ ஆறு டிரில்லியன் மைல்" என்பார். பழைய பிரிட்டிஷ் வழக்கில் அதுவே "ஆறு பில்லியன் மைல்". இரண்டும் ஒரே தூரம். பின்னதை 600 கோடி மைல் என்று தமிழில் எழுதினால், ஒளி ஓராண்டில் புளூட்டோவைத் தாண்டிக் கொஞ்ச தூரமே போனதாக ஆகிவிடும். உண்மையில் சூரிய ஒளி புளூட்டோவை எட்டச் சில மணி நேரம் போதும். ஒரு மாணவர் அந்த வரியை நம்பிப் படிப்பார் என்பதால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

டிரில்லியனிலும் இதே ஆயிரம் மடங்கு வேறுபாடுதான் என்று நினைத்துத் திருத்துகிறவர்களும் உண்டு. அதுவும் தவறு. இன்றைய டிரில்லியனுக்கு 12 பூஜ்யம், பழைய பிரிட்டிஷ் டிரில்லியனுக்கு 18. இடைவெளி பத்து லட்சம் மடங்கு!

கையில் இருப்பது ஆங்கில நூலாகவே இருந்தாலும் அதன் மூலம் ஜெர்மனாகவோ பிரெஞ்சாகவோ இருக்கலாம். அந்த மொழிகளில் பழைய கணக்கு இன்றும் நடப்பில் இருக்கிறது. ஆயிரம் மில்லியனுக்கு மில்லியார்ட் என்று தனிப்பெயரே உண்டு. ஜிம்பாப்வே 2009-இல் வெளியிட்ட நோட்டில் "நூறு டிரில்லியன் டாலர்" என்று அச்சிட்டிருந்தது. பணவீக்கத்தில் சிக்கிய ஜெர்மனியின் 1924 நோட்டில் "நூறு பில்லியன் மார்க்" என்றிருந்தது. இரண்டிலும் ஒன்றுக்குப் பின் 14 பூஜ்யம்தான். கனடாவிலோ இந்த வேறுபாடு ஒரே அரசுக்குள்ளேயே இருக்கிறது: ஆங்கில பட்ஜெட்டில் பில்லியன் என வரும் தொகை, பிரெஞ்சுப் பதிப்பில் மில்லியார்ட்.

சுருக்கக் குறிகளிலும் கவனம் தேவை. அமெரிக்க எண்ணெய், எரிவாயு அறிக்கைகளில் ஓர் எம் எழுத்து (M) ஆயிரத்தையும், இரண்டு எம் (MM) மில்லியனையும் குறிப்பது வழக்கம். ஓர் எம்மை மில்லியன் என்று படித்தால் கிணற்றின் உற்பத்தியே ஆயிரம் மடங்கு பெருத்துவிடும்.

நம் பக்கத்துப் பிழைகளுக்கு வருவோம். அதிகம் கண்ணில் படுவது தசமப்புள்ளிப் பிழை. 1.4 பில்லியன் மக்கள் என்றால் 140 கோடி. அவசரத்தில் அது 14 கோடி ஆகிவிடுகிறது. அடுத்தது நாணயம். தமிழ்நாட்டின் பொருளாதாரத்துக்கு 2030-க்கென வைத்த "ஒரு டிரில்லியன்" இலக்கு ஒரு லட்சம் கோடி டாலர். டாலரை விட்டுவிட்டு ரூபாய் என்று எழுதினால், மாநிலம் எப்போதோ தாண்டிய தொகையை இலக்காகச் சொன்னதாகிவிடும்.

பெயரை நேராகப் பெயராக மாற்றாமல், முதலில் ஓரத்தில் முழு எண்ணாக எழுதிப் பூஜ்யங்களை எண்ணிவிட்டு, பிறகு வலப்பக்கத்திலிருந்து நம் முறையில் காற்புள்ளி வையுங்கள்: 1,250,000 என்பது 12,50,000, அதாவது பன்னிரண்டரை லட்சம். மூல நூல் எந்தக் கணக்கில் பேசுகிறது என்பது புலப்படாவிட்டால், மூலத்தில் உள்ள சொல்லை அப்படியே வைத்து அடிக்குறிப்பில் இரண்டு மதிப்புகளையும் கொடுத்துவிடலாம்.