புது ஹாஃப் ஃபிரேம் கேமராவில் முதல் ரோல்: மாட்டுவதிலிருந்து கழற்றுவது வரை

பழைய காம்பேக்ட் ஃபிலிம் கேமராக்களில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் ஸ்பாஞ்ச் பெரும்பாலும் பொடிந்துபோயிருக்கும். சர்க்யூட் போனால் மாற்ற பாகம் கிடைப்பதும் கஷ்டம். புதிதாகத் தயாராகும் கேமராவில் இந்தத் தொல்லை இல்லை. படம் வராவிட்டால் பெரும்பாலும் ரோல் மாட்டிய விதம்தான் காரணம், இல்லையென்றால் வெளிச்சம். கற்றுக்கொள்பவருக்கு இது பெரிய நிம்மதி.

2022இல் வந்த கோடக் எக்டார் எச்35, 2024இல் வந்த பென்டாக்ஸ் 17 இரண்டுமே ஹாஃப் ஃபிரேம், அதாவது வழக்கமான ஒரு படத்துக்கான ஃபிலிமில் இரண்டு படம் விழும். 36 படத்துக்கான ரோலில் 72 படம் எடுக்கலாம். முதல் கேமராவாக எச்35 போதும் என்பேன். பென்டாக்ஸில் எக்ஸ்போஷரை, அதாவது ஃபிலிமில் விழும் வெளிச்ச அளவை, கேமராவே பார்த்துக்கொள்ளும், ஆனால் முழு ஆட்டோ மோடைத் தவிர மற்ற மோடுகளில் தூரத்தை நாம்தான் கணித்து வைக்க வேண்டும்.

1. ரோல்

எச்35இல் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) எஃப்/9.5, ஷட்டர் 1/100 நொடி. இரண்டையும் மாற்ற முடியாது. அதனால் 400 ஐஎஸ்ஓ (ஃபிலிமின் வெளிச்ச உணர்திறன்) கலர் நெகட்டிவ் ஃபிலிம் போடுங்கள். நல்ல வெயிலில் தேவையைவிட மூன்று ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம் கூடும் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு). கலர் நெகட்டிவ் அதைத் தாங்கும். நேரடியாக நிஜ நிறப் படமாகவே வரும் ஸ்லைடு ஃபிலிம் தாங்காது, வெளிறிவிடும்.

2. மாட்டுவது

ரோல் முழுக்க வெறுமையாக வருவது இந்த இடத்தில்தான். நிழலில் நின்று பின்கதவைத் திறந்து, ரோலை அதன் குழியில் வையுங்கள். ஃபிலிமின் நாக்கை இழுத்து எதிர்ப்பக்கச் சுருளின் பிளவில் செருகுங்கள். கதவை உடனே மூடாதீர்கள். பற்கள் ஃபிலிமின் ஓட்டைகளில் உட்காரும்வரை வைண்ட் செய்து (ஃபிலிமை முன்னே நகர்த்தி), அதன்பிறகு மூடுங்கள்.

அடுத்து, ஃபிலிமைத் திரும்பச் சுருட்டும் ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறிப் பக்கம் மெல்லத் திருப்பி, லேசாக இறுகியதும் விட்டுவிடுங்கள். இனி ஒவ்வொரு முறை வைண்ட் செய்யும்போதும் அந்தக் கைப்பிடி எதிர்ப்பக்கமாகத் தானே சுழல வேண்டும். அது அசையாமல் நின்றால் நாக்கு கழன்றுவிட்டது. திறந்து மறுபடி மாட்டுங்கள். எத்தனை படம் என்று காட்டும் எண்காட்டியை நம்பாதீர்கள், ஃபிலிம் நகராவிட்டாலும் அது ஏறக்கூடும்.

3. எடுப்பது

கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால் படம் நெட்டுக்குத்தாக வரும். எச்35இல் ஒரு மீட்டருக்குக் கிட்டே போகாதீர்கள், மங்கும். வீட்டுக்குள் எப்போதும் பிளாஷ். பகல் ஜன்னல் வெளிச்சத்தை நம்பி எடுத்தால் நெகட்டிவ் ஏறக்குறைய காலியாகத்தான் வரும்.

4. கழற்றுவது

வைண்ட் இறுகி நின்றால் ரோல் முடிந்தது. பலவந்தம் வேண்டாம், ஓட்டை கிழியும். ரீவைண்ட் பொத்தானை அழுத்தி, கைப்பிடியைச் சுற்றுங்கள். கடைசியில் ஒரு சின்ன இழுப்பு, பிறகு சட்டென்று லேசாகும். இன்னும் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத் திறங்கள்.

பின்சேர்க்கை: ஒரே ஸ்கேனில் இரண்டு படம் ஒட்டி வந்தால் கேமராவில் கோளாறு இல்லை. கழுவக் கொடுக்கும்போதே ஹாஃப் ஃபிரேம், தனித்தனியாக ஸ்கேன் வேண்டும் என்று உறையின் மேல் எழுதிக் கொடுங்கள்.