‘படம் எப்படி?’ என்று கேட்பவருக்கு: புதுப்படம் பார்த்துக் கருத்து எழுத ஒரு கையேடு

‘படம் எப்படி?’ என்று கேட்பவரின் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். நாலு டிக்கெட், பார்க்கிங், இடைவேளையில் பிள்ளைகள் கேட்கும் பாப்கார்ன், போக வரச் சேர்த்து நாலு மணி நேரம். இதைச் செலவழிக்கலாமா, அம்மாவை அழைத்துப் போகலாமா, இல்லை ஓடிடியில் வரட்டும் என்று விட்டுவிடலாமா? இதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். ‘செம’, ‘மொக்கை’, ‘ஒரு தடவை பார்க்கலாம்’ ஆகிய மூன்றும் இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. பார்த்ததைக் கவனமாகப் பார்த்து, எந்தச் சூழலில் பார்த்தோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால், சாதாரண ரசிகர் எழுதும் நூறு சொற்களே போதும்.

போவதற்கு முன்

டிரெய்லரை ஒரு தடவைக்கு மேல் பார்க்க வேண்டாம். பெரிய படமென்றால் தமிழ்நாட்டில் முதல் காட்சி வழக்கமாகக் காலை 9 மணிக்கு, அதுவும் சிறப்பு அனுமதியோடு. பக்கத்து மாநிலங்களில் அதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் பல் தேய்க்கும்போதே இடைவேளை ட்விஸ்ட் வரைக்கும் ஃபோனில் வந்து நிற்கும். காட்சி முடியும்வரை சினிமா குழுக்களை மியூட் செய்துவிடுங்கள். அடுத்தவர் கருத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்தால் அவர் சொன்ன குறையைத்தான் உங்கள் கண்ணும் தேடும்.

சீட் எடுக்கும்போது நடுவைத் தாண்டிய வரிசையைப் பாருங்கள்: திரையிலிருந்து பின்சுவர் வரையிலான தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, அகலத்தில் நடுவில். சுவரோரம் உட்கார்ந்தால் பக்கவாட்டு ஸ்பீக்கர் காதுக்கு மிக அருகில் இருக்கும். அதிலிருந்து வரும் இசையும் கூட்டச் சத்தமும் வசனத்தை மூடிவிடும். வேறு இடம் கிடைக்காவிட்டால் போகலாம். ஆனால் ‘வசனமே கேட்கவில்லை’ என்று எழுதும் முன் எங்கே உட்கார்ந்தோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

படம் தொடங்கும் முன் திரையில் வரும் தணிக்கைச் சான்றிதழைப் படியுங்கள். 2024 நவம்பர் முதல் யுஏ பிரிவு யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என மூன்றாகிவிட்டது. இவற்றில் பிள்ளையைக் கூட்டிப்போவது பெற்றோரின் முடிவு. ஏ என்றால் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதியே கிடையாது. படம் ஓடும் நேரமும் அந்தச் சான்றிதழிலேயே இருக்கும். இரண்டும் உங்கள் கருத்தில் இடம்பெற வேண்டிய தகவல்கள்.

தியேட்டர் குறையா, படத்தின் குறையா?

கருத்து எழுதுபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஒளிப்பதிவாளரையும் ஒலிக்கலவை செய்தவரையும் திட்டும் பாதி வரிகளுக்குக் காரணம் அந்த ஸ்க்ரீனின் பராமரிப்பு. கொஞ்சம் கவனித்தால் பிரித்துவிடலாம்.

ஒலியிலிருந்து தொடங்குவோம். தியேட்டரில் வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. பின்னணி இசையே இல்லாத அமைதியான உரையாடலிலும் வசனம் மங்கிக் கேட்டால், அந்த நடு ஸ்பீக்கரையோ தியேட்டர் வைத்திருக்கும் சத்த அளவையோ சந்தேகப்படுங்கள். விளம்பரங்களும் மற்றப் பட டிரெய்லர்களும் அப்படியே மங்கலாக இருந்தால் சந்தேகம் உறுதியாகிறது. அமைதியான காட்சியில் தெளிவாகவும், இசை ஏறும்போது மட்டும் வசனம் அமுங்கியும் போனால் அது ஒலிக்கலவையில் எடுத்த முடிவு. அதைத் தாராளமாக எழுதலாம்.

சத்தம் காதைக் கிழிக்கிறது என்றாலும் இதே பிரச்சினைதான். தியேட்டர் ஒலிக்கருவியில் அளவு 0 முதல் 10 வரை இருக்கும். ஸ்டுடியோவில் கலவை செய்வது 7 என்ற அளவை வைத்து. நம் ஊரில் பல தியேட்டர்கள் அதைவிடக் குறைத்து ஓட்டுகின்றன. குறைப்பதால் வசனமும் சேர்ந்து குறைகிறது. அதை ஈடுகட்ட அடுத்த படத்தை இன்னும் சத்தமாகக் கலக்கிறார்கள். 2024 நவம்பரில் ‘கங்குவா’ வெளியான கையோடு இரைச்சல் பற்றிய புகார்கள் குவிந்தன. அளவை இரண்டு புள்ளி குறைக்கும்படி தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களிடம் சொன்னார். முதல் நாள் பார்த்தவரும் நான்காம் நாள் பார்த்தவரும் சத்தத்தைப் பற்றி வேறு வேறு விதமாக எழுதியிருந்தால் இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

படம் இருட்டாக இருக்கிறதா? 2டி படத்துக்குத் திரையில் 14 ஃபுட் லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் விழ வேண்டும் என்பது தரநிலை. ப்ரொஜெக்டர் விளக்கு பழையதாகிவிட்டால் அது இறங்கிக்கொண்டே போகும். 3டி கண்ணாடி போட்டால் பாதிக்கும் கீழே போய்விடும். சோதிக்க எளிய வழி வெள்ளை எழுத்துதான். டைட்டிலில் வெள்ளையாக இருக்க வேண்டிய எழுத்து பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ தெரிந்தால் குறை ப்ரொஜெக்டரில். எழுத்து பளிச்சென்று இருந்தும் இரவுக் காட்சிகளில் முகமே தெரியவில்லை என்றால் அது படம் எடுத்தவர்களின் தேர்வு. 3டிக்காகப் போட்ட சில்வர் ஸ்க்ரீனில் 2டி படம் ஓடினால் நடுவில் வெளிச்சமும் ஓரங்களில் மங்கலும் தெரியும். ஓரத்து சீட்டில் இருந்தால் இன்னும் மோசம்.

டைட்டில் எழுத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டால் தியேட்டர் படத்தைத் திரைக்குச் சரியாகப் பொருத்தவில்லை. மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வந்தால் அது குறையில்லை. 2.39:1 அகலத்தில் எடுத்த ஸ்கோப் படம் 1.85:1 திரையில் ஓடினால் அப்படித்தான் தெரியும்.

உதடும் குரலும் பொருந்தாவிட்டால் எத்தனை பேருக்குப் பொருந்தவில்லை என்று பாருங்கள். எல்லாருக்கும் ஒரே அளவு தள்ளிப்போனால் அது தியேட்டர் கோளாறு. ஒரே ஒரு நடிகருக்கு மட்டும் என்றால் அவர் வேறு மொழியில் பேசி நடித்திருப்பார், பின்னால் தமிழில் டப்பிங் போட்டிருப்பார்கள்.

தியேட்டர் கோளாறு என்று தெரிந்தால் படம் முடியும்வரை பொறுக்க வேண்டாம். எழுந்து போய் மேலாளரிடம் சொல்லுங்கள். அளவையும் ஃபோகஸையும் நடுவிலேயே சரிசெய்ய முடியும். இரவு உட்கார்ந்து எழுதும் வரி யாருக்கும் அந்தக் காட்சியைத் திருப்பித் தராது.

இடைவேளையில் மூன்று குறிப்பு

படம் ஓடும்போது ஃபோனை எடுக்காதீர்கள். பின்வரிசைக்காரரின் கண்ணில் அந்த வெளிச்சம் குத்தும். இடைவேளையில் மூன்று விஷயம் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: கதை எதைப் பற்றியது என்று எப்போது புரிந்தது, எந்தக் காட்சியில் மனம் வெளியே போனது, நாயகனைத் தவிர யாருடைய பாத்திரப் பெயர் நினைவில் இருக்கிறது. முப்பது நிமிடம் கடந்தும் நாயகனுக்கு என்ன வேண்டும் என்றே புரியாமல் இருந்தால், நீங்கள் உணரும் அலுப்புக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். நாயகியின் பாத்திரப் பெயர் இடைவேளையில் நினைவில்லை என்றால் அதையே ஒரு வரியாக எழுதலாம். ‘நாயகிக்கு வேலையில்லை’ என்பதைவிட அது தெளிவாகப் பேசும்.

மொத்தமாக வீட்டுக்குப் போய் யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டால் கிளைமாக்ஸ் முன்பாதியை அழித்துவிடும். நல்ல கிளைமாக்ஸ் சுமாரான முன்பாதியை மன்னிக்க வைக்கும், சொதப்பிய கிளைமாக்ஸ் நல்ல முன்பாதியை மறக்க வைக்கும்.

எந்த நாள், எந்தக் காட்சி

இதைக் கட்டாயம் எழுதுங்கள். முதல் நாள் முதல் காட்சியில் விசில் சத்தத்தில் வசனம் போய்விடும், ஆனால் உற்சாகம் படத்தைத் தூக்கிவிடும். அதே படத்தைத் திங்கட்கிழமை மதியம் முப்பது பேரோடு பார்த்தால் நாயகனின் அறிமுகக் காட்சி வெறும் நீளமாகத் தெரியும். இரண்டு அனுபவமும் நிஜம்தான், படிப்பவருக்கு எது எதுவென்று தெரிய வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. வெளியான பிறகு படத்தையே வெட்டுகிறார்கள். 2024இல் ‘இந்தியன் 2’ வெளியான சில நாளில் சுமார் 12 நிமிடம் குறைந்தது. அதே ஆண்டு ‘மெய்யழகன்’ படத்தில் 18 நிமிடத்துக்கு மேல் எடுத்தார்கள். நீங்கள் ‘இழுவை’ என்று எழுதிய காட்சியை அடுத்த வாரம் போகிறவர் பார்க்காமலே போகலாம். தேதி இருந்தால் குழப்பமில்லை.

‘லேக்’, ‘லாஜிக்’, ‘எடிட்டிங்’

பழகிய சொற்களைப் பயன்படுத்தலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காட்சி இருக்க வேண்டும். ‘லேக் அடிக்குது’ என்றால் எந்த வகை? ஏற்கெனவே தெரிந்ததை இன்னொருவர் வாயால் திருப்பிச் சொல்கிறார்களா, பாட்டு வந்து கதையை நிறுத்துகிறதா, இல்லை அடுத்து என்ன என்ற ஆவலே இல்லையா? ‘லாஜிக் இல்லை’ என்று பறக்கும் காரைப் பார்த்து எழுதுவது வீண். படம் தானே போட்ட விதியைத் தானே மீறும் இடத்தைக் காட்டுங்கள். ஊரே தேடும் குற்றவாளி முகத்தை மறைக்காமல் பேருந்து நிலையத்தில் நின்றால், அது லாஜிக் குறை.

‘எடிட்டிங் சரியில்லை’ என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். எடிட்டரின் கைக்கு என்ன வந்தது, எதை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள் என்பது திரையில் தெரியாது. ‘இந்தக் காட்சி நீளம்’ என்பது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும், அதை எழுதுங்கள்.

நடிப்பைப் பார்க்க ஒரு வழி: பேசுபவரை விட்டுவிட்டுக் கேட்பவரைப் பாருங்கள். எதிராளி பேசும்போது முகத்தில் எதுவும் நடக்காதவர், தன் முறைக்காகக் காத்திருக்கிறார்.

வட்டார வழக்கில் இன்னும் கவனம் வேண்டும். 2025 மே 1 அன்று வெளியான ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ இலங்கையிலிருந்து வரும் தமிழ்க் குடும்பத்தின் கதை. அதில் பேசும் தமிழ் சரியா என்று சொல்லத் தகுதியானவர்கள் அந்தத் தமிழில் வளர்ந்தவர்கள். மற்றவர்கள் ‘எனக்குப் புரிந்தது’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், அல்லது தெரிந்தவரிடம் கேட்டு எழுதலாம்.

கதையை எவ்வளவு சொல்லலாம்?

டிரெய்லரில் வந்தது, முதல் அரைமணியில் நடப்பது: இவ்வளவுதான் எல்லை. ‘ஒரு பெரிய ட்விஸ்ட் இருக்கு’ என்பதும் ஸ்பாய்லர்தான். படிப்பவர் தொடக்கத்திலிருந்தே அதை வேட்டையாடத் தொடங்கிவிடுவார். ‘மகாராஜா’ மாதிரிப் படத்துக்கு ‘காட்சிகள் நேர் வரிசையில் வராது, தொடக்கத்திலிருந்து கவனமாகப் பாருங்கள்’ என்றால் போதும்.

ஆனால் அதே படத்தில் பாலியல் வன்முறை சம்பந்தப்பட்ட விஷயம் இருக்கிறது. பிள்ளையோடு போகிறவருக்கு அதைச் சொல்லாமல் இருப்பது தவறு. யாருக்கு, எப்போது, யாரால் என்ற மூன்றையும் விட்டுவிட்டு, ‘பாலியல் வன்முறை, கடும் ரத்தம், பதினாறுக்குக் கீழ் வேண்டாம்’ என்று எழுதுங்கள். ஸ்பாய்லரா எச்சரிக்கையா என்ற குழப்பம் வந்தால் எச்சரிக்கைக்கே முன்னுரிமை கொடுங்கள்.

எழுதும்போது

எண்பது முதல் நூற்று இருபது சொற்கள் போதும். முதலில் நாள், காட்சி, தியேட்டர் வகை. பிறகு கதையின் தொடக்கம் ஒரு வரி. வேலை செய்தது ஒன்று, செய்யாதது ஒன்று, இரண்டுக்கும் காட்சியோடு. கடைசியில் யாருக்கு ஏற்றது. ஒரு மாதிரி:

‘லப்பர் பந்து. இரண்டாம் வாரம், ஞாயிறு மாலை, முக்கால் தியேட்டர் நிறைந்திருந்தது. ரப்பர் பந்து கிரிக்கெட்டில் பேர்போன நடுவயது பேட்ஸ்மேன் (தினேஷ்). அவரது பலவீனத்தைக் கண்டுபிடித்த இளம் பவுலர். அந்த இளைஞன் காதலிப்பது அவர் மகளை. தினேஷ் களமிறங்கும்போது வரும் விஜயகாந்த் பாட்டுக்கு, கிரிக்கெட் பார்க்காதவர்களும் கைதட்டினார்கள். யாரை அணியில் சேர்ப்பது என்பதில் சாதி நுழைவதைப் பிரசங்கம் இல்லாமல் ஆட்டத்துக்குள்ளேயே காட்டுகிறார்கள். அவர் மனைவியாக வரும் ஸ்வாசிகா கோபப்படும் காட்சிகளில் வீட்டுப் பெண்களின் பக்கம் நன்றாகத் தெரிகிறது. ஆட்டங்கள் அடுத்தடுத்து வரும்போது எது முக்கியமான ஆட்டம் என்ற வித்தியாசம் கொஞ்சம் மங்குகிறது. குடும்பத்தோடு தியேட்டரில் பார்க்கலாம்.’

ஐந்துக்கு மூன்றரை என்ற மதிப்பெண்ணைவிட ‘தியேட்டர்’, ‘ஓடிடி’, ‘வேண்டாம்’ என்ற மூன்றில் ஒன்று அதிகம் உதவும். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நான்கே வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. இந்திப் படங்களுக்கு மல்டிபிளெக்ஸ்கள் எட்டு வாரம் கேட்கின்றன. 2023இல் ‘லியோ’வின் இந்திப் பதிப்பு வடக்கே பெரிய மல்டிபிளெக்ஸ்களில் வராததற்கு இதுதான் காரணம். ஆகவே தமிழ் வாசகருக்கு நீங்கள் சொல்ல வேண்டியது, நான்கு வாரம் காத்திருந்தால் என்ன இழப்பு என்பது. கூட்டத்தோடு சிரிக்க வேண்டிய நகைச்சுவை, பெரிய திரை கேட்கும் சண்டை, ஒலியை நம்பிய பேய்ப்படம் என்றால் இழப்பு உண்டு. நாலு பேர் ஒரு வீட்டுக்குள் பேசும் படத்துக்குப் பெரும்பாலும் இல்லை.

வசூலைப் பற்றி எழுதாதீர்கள். போஸ்டரில் வரும் கோடிகளைச் சரிபார்க்க உங்களுக்கு வழியில்லை, படிப்பவரின் மாலைப்பொழுதுக்கும் அதனால் பயனில்லை. நடிகரின் உடல், நிறம், வயது பற்றிய கிண்டலும் வேண்டாம்.

திரையைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 2023இல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி, அனுமதியில்லாமல் திரையில் ஓடும் படத்தைப் பதிவு செய்வதற்கும் பரப்புவதற்கும் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. அபராதம் மூன்று லட்சத்திலிருந்து தொடங்குகிறது. கருத்து எழுதுவது வேறு. முதல் மூன்று நாள் விமர்சனங்களுக்குத் தடை கேட்டு 2024இல் தயாரிப்பாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் போனபோது இடைக்காலத் தடை கிடைக்கவில்லை.

படம் ஓடிடிக்கு வந்ததும் குறை சொன்ன காட்சியை மட்டும் ஹெட்ஃபோனில் ஒருமுறை பாருங்கள். தியேட்டரில் கேட்காத வசனம் இங்கே தெளிவாகக் கேட்டால், பழைய பதிவின் கீழே தேதி போட்டு ஒரு வரி சேருங்கள்: ‘ஒலிக்குறை நான் பார்த்த ஸ்க்ரீனில், படத்தில் இல்லை.’